‘பேர் மாத்தத் தேவையில்லை’ என்று சொன்னால் தள்ளி நில்லுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கார் லீஸ் முடியும்போது வரும் கட்டணங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதினேன். அதற்குப் பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், லீஸை நடுவழியில் இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பது பற்றியவைதான். அதிலும் விலை கூடிய ஸ்போர்ட்ஸ் கார்கள். எல்லோரும் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள், போடவில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பதில்கள் எல்லாம் ஒன்ராறியோவுக்கு உரியவை; கியூபெக்கில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு.

கேள்வி: 2023 நவம்பரில் 48 மாத லீஸில் ஒரு போர்ஷ டைகான் எடுத்தேன். மாதம் 2,390 டொலர், அதற்கு மேல் எச்எஸ்ரி (விற்பனை வரி). இன்னும் 22 மாதம் கட்டவேண்டும். மோர்ட்கேஜ் புதுப்பித்ததில் கட்டணம் ஏறிவிட்டது, இரண்டாவது பிள்ளையும் பிறந்துவிட்டது, காரைக் கொடுத்துவிட்டால் நிம்மதி. மனைவியின் சிநேகிதியின் தம்பி எடுக்கிறேன் என்கிறார். "அண்ணை, பேர் மாத்தத் தேவையில்லை, மாதம் மாதம் ஈ-ட்ரான்ஸ்பர் போட்டுவிடுறன்" என்கிறார். நல்ல பிள்ளை, வேலையும் இருக்கிறது. செய்யலாமா? – மார்க்கம் வாசகர்

பதில்: வேண்டாம். அந்தத் தம்பி எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் வேண்டாம்.

கார் உங்களுடையது அல்ல, லீஸ் கொடுத்த நிதி நிறுவனத்துடையது. அவர்களின் எழுத்து அனுமதி இல்லாமல் இன்னொருவரிடம் ஒப்படைக்கக்கூடாது என்று உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். ஆனால் நிறுவனம் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்கும்வரை போகவே தேவையில்லை, அதற்கு முன்னரே சின்னச் சின்னச் சங்கடங்கள் உங்கள் வீட்டுத் தபாற்பெட்டிக்கு வர ஆரம்பித்துவிடும். பிளேட் உங்கள் பெயரில். அவர் 407 கட்டண நெடுஞ்சாலையில் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய்வந்தால் பில் உங்களுக்கு. அவர் தருகிறேன் தருகிறேன் என்று இழுத்தால், கட்டாத பாக்கிக்காக உங்கள் பிளேட்டைப் புதுப்பிக்க விடாமல் மறிப்பார்கள்.

அடுத்தது வேகம். ஸ்டன்ட் டிரைவிங் சட்டம் என்றால் ஏதோ வீதியில் கார் சுற்றி வித்தை காட்டும் பெடியளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 80க்குக் குறைந்த வேக எல்லை உள்ள வீதியில் எல்லைக்கு மேல் 40 கிலோமீற்றர், 80 அல்லது அதற்கு மேற்பட்ட வீதியில் 50 கிலோமீற்றர், இல்லாவிட்டால் எங்கேயென்றாலும் 150ஐத் தொட்டாலே அது ஸ்டன்ட் டிரைவிங்தான். வீதியோரத்திலேயே ஓட்டியவரின் லைசன்ஸ் 30 நாளுக்குப் போகும், கார் 14 நாளுக்கு உள்ளே போகும். கார் யாருடையது, லீஸ் யார் பெயரில் என்பதையெல்லாம் பொலிஸ் அந்த இடத்தில் பார்ப்பதில்லை. இழுத்துச் சென்ற கூலியும் நிறுத்திவைத்த கூலியும் கட்டினால்தான் கார் வெளியே வரும். டைகான் மாதிரி ஒரு காரில், மிதித்த காலை எடுப்பதற்குள் எல்லை தாண்டிவிடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் காசோடு போகும். பெரிய ஆபத்து விபத்து. ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 192ஆம் பிரிவின்படி, உங்கள் சம்மதத்தோடு காரை ஓட்டியவர் கவனக்குறைவாக யாரையாவது காயப்படுத்தினால், லீஸ் எடுத்தவர் என்ற முறையில் நீங்களும் பொறுப்பு. நீங்கள் அந்த நேரம் வீட்டில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் சரி. காப்புறுதி இருக்கிறதே என்று நினைப்பீர்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு நீங்கள் சொல்லியிருப்பது, பிரதான ஓட்டுநர் நீங்கள், கார் இரவில் மார்க்கத்தில் நிற்கிறது என்று. உண்மையில் கார் ஓடுவது வேறு ஊரில், வேறு ஆள் கையில். விபத்து நடந்த பிறகு அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். கார் சேதத்துக்குப் பணம் தரமாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு அது போதும். அப்போது டைகானின் மிச்சப் பெறுமதி முழுவதும் உங்கள் தலையில்.

அவர் இரண்டு மாதம் பிந்திக் கட்டினாலும் கிரெடிட் அறிக்கையில் விழுவது உங்கள் பெயர். பிந்திய கொடுப்பனவு ஆறு வருடம் அங்கே நிற்கும், அதாவது அடுத்த மோர்ட்கேஜ் புதுப்பிப்பு வரைக்கும்.

சரி, முறையான வழி என்ன? முதலில் காரை விற்ற டீலரிடம் போகாதீர்கள், நிதி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு நேரே தொலைபேசி எடுங்கள். லீஸை மாற்ற அனுமதி உண்டா, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் கடைசிச் சில மாதங்களில் மாற்ற விடுவதில்லை. பிறகு கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி: மாற்றிய பிறகு என்னை முழுமையாக விடுவிப்பீர்களா, இல்லை அவர் கட்டாவிட்டால் என்னிடம் வருவீர்களா? இரண்டு விதமும் நடைமுறையில் இருக்கிறது. இரண்டாவது விதம் என்றால், மாட்டை விற்றுவிட்டுக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதுதான். கார் உங்களிடம் இல்லை, பொறுப்பு மட்டும் இருக்கிறது. தொலைபேசியில் ஒரு பிள்ளை "ஓம், உங்களுக்குப் பொறுப்பில்லை" என்று சொன்னது போதாது. விடுவிக்கிறோம் என்று எழுத்தில் வரவேண்டும், திகதியோடு வரவேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். சாவி கொடுக்கும் அன்று உங்கள் பிளேட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், ஒன்ராறியோவில் பிளேட் ஆளுக்குத்தான், காருக்கு அல்ல. ஓடோமீற்றரைப் படம் எடுங்கள். உங்கள் காப்புறுதியை அதற்குப் பிறகுதான் நிறுத்தவேண்டும், ஒரு நாள் முந்தி நிறுத்தி மாட்டுப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

காசுக் கணக்கையும் ஒருமுறை பார்ப்போம், ஏனென்றால் லீஸை மாற்றுவது மட்டும்தான் வழி என்று இல்லை. 22 மாதமும் நீங்களே கட்டினால் எச்எஸ்ரியோடு கிட்டத்தட்ட 59,400 டொலர். இன்றைக்குக் காரை வாங்கி முடிக்க நிறுவனம் கேட்கும் தொகை 112,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் சரியான தொகையைக் கேட்டு வாங்குங்கள், நான் உதாரணத்துக்குப் போடுகிறேன்). டைகான், பழைய காராக விற்கும் விலை வேகமாக விழுந்த கார், அதனால் டீலர் ஒருவர் 86,000தான் தருவேன் என்றால் ஆச்சரியமில்லை. நீங்களே வாங்கித் தனியாருக்கு 90,000க்கு விற்கப் பார்த்தால், வாங்கும்போது 13 வீத எச்எஸ்ரி 14,560 டொலர் நீங்கள் கட்டவேண்டும், உங்களிடமிருந்து வாங்குபவர் காரைப் பதியும் அரச அலுவலகமான சேர்விஸ் ஒன்ராறியோவில் தன் பங்குக்கு இன்னொரு 13 வீதம் விற்பனை வரி கட்டவேண்டும். ஒரே காருக்கு இரண்டு தரம் வரி. உங்கள் நட்டம் மட்டும் 36,560. டீலர் நேரடியாக நிதி நிறுவனத்திடம் வாங்கினால் அந்த எச்எஸ்ரி உங்கள் மேல் விழாது, இடைவெளி 26,000ஐக் கட்டிவிட்டு வெளியேறலாம். ஆனால் எல்லா நிறுவனமும் வேறு டீலருக்கு விற்க விடுவதில்லை, அதையும் கேளுங்கள்.

இதோடு ஒப்பிட்டால், லீஸைப் பொறுப்பெடுக்க வருபவருக்கு ஊக்கப் பணமாக 8,000, 10,000 கொடுத்து விடுதலை வாங்குவது மலிவு. 1990இலிருந்து இதற்கென்றே இயங்கும் லீஸ்பஸ்டர்ஸ் போன்ற விளம்பரச் சேவைகளில் பார்த்தால், உங்கள் மாதிரிக் காருக்கு மற்றவர்கள் எவ்வளவு ஊக்கப் பணம் கொடுக்கிறார்கள் என்று தெரியும். அந்தத் தம்பிக்கு உண்மையில் கார் வேண்டுமென்றால் அவரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிரெடிட் கிடைக்காது என்று பின்வாங்கினால், பெயர் மாற்ற வேண்டாம் என்று முதலில் ஏன் சொன்னார் என்பது விளங்கிவிடும்.

கேள்வி: எனக்கு 26 வயது. போர்ஷ 718 கேமன் ஒன்று, மனுவல் கியர், லீஸில் 14 மாதம் மிச்சம், மாதம் 1,490. வைத்திருப்பவர் 6,000 டொலர் காசு தருகிறேன், எடுத்துக்கொள் என்கிறார். 48 மாத லீஸ், வருடத்துக்கு 16,000 கிலோமீற்றர். இப்போது ஓடோமீற்றர் 61,500. நல்ல டீல் மாதிரித் தெரிகிறது. எதைப் பார்க்கவேண்டும்? – பிரம்ப்டன் வாசகர்

பதில்: தம்பி, டீல் எங்கே இருக்கிறது என்று கடைசி எண்ணிலேயே சொல்லிவிட்டீர்கள்.

நான்கு வருடத்துக்கு 64,000 கிலோமீற்றர் அனுமதி. அவர் 61,500ஐ ஓடி முடித்துவிட்டார். உங்களுக்கு 14 மாதத்துக்கு மிச்சம் 2,500. மாதம் 1,200 ஓடுவீர்கள் என்றால் (பிரம்ப்டனிலிருந்து டவுன்டவுன் போய்வந்தால் அதுவும் காணாது) திருப்பிக் கொடுக்கும்போது 78,300இல் நிற்கும். 14,300 கிலோமீற்றர் கூட. ஒப்பந்தத்தில் கிலோமீற்றருக்கு 30 சதம் என்று இருந்தால் 4,290, எச்எஸ்ரி சேர்த்து 4,850 அளவில். அவர் தரும் 6,000இல் உங்களுக்கு மிஞ்சுவது 1,150. அதில் நான்கு டயர் வாங்கமுடியாது. லீஸ் முடிவில் பில் வருவது உங்கள் பெயருக்கு, அவர் அந்த நேரம் வேறு காரில் போய்க்கொண்டிருப்பார். அதனால் கிலோமீற்றர் பாக்கியை இன்றைக்கே கணக்குப் பார்த்து ஊக்கப் பணத்தில் ஏற்றிக் கேளுங்கள்.

டயர் என்று சொன்னேன், அதையும் பாருங்கள். போர்ஷ அங்கீகரித்த டயர்களின் பக்கச் சுவரில் என்0, என்1 என்று ஒரு அடையாளம் இருக்கும். யாராவது மலிவு டயர் போட்டிருந்தால், ஒப்பந்தம் என்ன டயரோடு திருப்பித் தரச் சொல்கிறது என்று வாசியுங்கள். ரிம்மில் கரையோரச் சிராய்ப்பு, முன் கண்ணாடியில் கல்லடி, இவையெல்லாம் திருப்பிக் கொடுக்கும் நாளில் பணமாக மாறும். மஞ்சள் பிரேக் கலிப்பர் இருந்தால் அது கார்பன் செராமிக் பிரேக்காக இருக்கலாம். பார்க்க வடிவுதான், ஆனால் டிஸ்க் மாற்றவேண்டி வந்தால் உங்கள் ஒரு வருட லீஸ் காசே போய்விடும்.

மனுவல் கார் என்பதால் ஒன்று கேட்கவேண்டும். டீலரிடம் போர்ஷ எஞ்சின் கணினியின் ஓவர்-ரெவ் அறிக்கையை எடுத்துத் தரச் சொல்லுங்கள். எஞ்சின் எத்தனை தரம் அளவுக்கு மீறிச் சுழன்றது, எந்த மட்டத்துக்குப் போனது என்பது ஒன்றிலிருந்து ஆறு வரை படிகளாக அதில் பதிந்திருக்கும். முதல் இரண்டு படிகளில் எண்கள் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதே அதற்குத்தானே. மேல் படிகளில் இருந்தால், நான்காவது கியரிலிருந்து மூன்றுக்குப் பதில் தவறிப்போய் ஒன்றில் விழுத்தியிருக்கிறார் என்று அர்த்தம், அந்தக் காரை விட்டுவிடலாம். வாரண்டி கேட்டுப் போகும் நாளில் டீலரும் இதே அறிக்கையைத்தான் முதலில் எடுப்பார். ட்ராக்குக்குக் கொண்டுபோனாரா என்று அவரிடமே கேளுங்கள், முகத்தைப் பாருங்கள். ஒன்ராறியோவின் வழமையான காப்புறுதி கார்ப் பந்தயத்துக்கோ வேகச் சோதனைக்கோ பொருந்தாது, அங்கே அடிபட்டுச் சத்தமில்லாமல் திருத்திய விவரம், காரின் பழைய வரலாற்றைச் சொல்லும் கார்ஃபாக்ஸ் அறிக்கையிலும் வராமல் போகலாம். சுயாதீனமான கராஜ் ஒன்றில் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்ப்பதற்குச் செலவழியுங்கள். எக்சோஸ்ட் மாற்றியிருக்கிறாரா, கணினியை டியூன் பண்ணியிருக்கிறாரா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அதைப் பழையபடி மாற்றித் தரவேண்டியதும் நீங்கள்தான்.

இதற்கெல்லாம் முன்னர் காப்புறுதி. 26 வயது, பிரம்ப்டன் தபாற் குறியீடு, இரண்டு கதவு போர்ஷ. கார் எண்ணைக் கொடுத்து விலை கேட்காமல் பார்க்கவே போகாதீர்கள். லீஸ் நிறுவனங்கள் மூன்றாம் தரப்புப் பொறுப்புக்கு 10 லட்சம் அல்லது 20 லட்சம் டொலர் கேட்பது வழமை, சட்டத்தின் குறைந்தபட்சம் 2 லட்சம் மட்டும்தான், ஆகவே உங்கள் இப்போதைய பொலிசியின் விலையை வைத்துக் கணக்குப் போடவேண்டாம். இன்னொன்று, ஓபிசிஎஃப் 43ஏ என்று ஒரு மேலதிகப் பாதுகாப்பு உண்டு. கார் முற்றாகப் போனால் தேய்மானத்தைக் கழிக்காமல் தருவது. பெரும்பாலும் அது புதிதாக லீஸ் எடுக்கும் முதல் ஆளுக்குத்தான் கிடைக்கும். இரண்டாம் ஆளாகப் பொறுப்பெடுக்கும் உங்களுக்கு அது கிடைக்காவிட்டால், கார் களவு போகும் நாளில் காப்புறுதி தரும் தொகைக்கும் லீஸ் நிறுவனம் கேட்கும் தொகைக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தை யார் நிரப்புவது? அவருடைய லீஸில் அந்தப் பள்ளத்தை நிரப்பும் கேப் பாதுகாப்பு இருந்ததா, அது உங்களோடு வருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இல்லாவிட்டாலும் வேறு யாருக்காவது உதவும். பெரிய தயாரிப்பாளர்களின் நிதி நிறுவனம் கொடுக்கும் லீஸ் பெரும்பாலும் மூடிய லீஸ்: முடிவில் காரைக் கொடுத்துவிட்டால், விலை விழுந்தது அவர்கள் பாடு. ஃபெராரி, லம்போர்கினி போன்ற கார்களைச் சின்ன லீஸ் கம்பனிகள் கொடுக்கும்போது திறந்த லீஸாக இருப்பது சாதாரணம். அதில் முடிவில் கார் எதிர்பார்த்த விலைக்குப் போகாவிட்டால் வித்தியாசத்தை லீஸ் எடுத்தவர் கட்டவேண்டும். தனிநபருக்கு ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. உங்கள் வியாபாரக் கம்பனியின் பெயரில் எடுத்தால் அந்தச் சட்டம் உங்களுக்குத் துணை வராது. மாதக் கொடுப்பனவு ஆச்சரியமாகக் குறைவாக இருக்கிறதே என்று ஒரு லம்போர்கினி லீஸைப் பார்த்தால், முதலில் தேடவேண்டியது இதைத்தான்.

6,000 டொலரை எப்படி வாங்குவது? நிறுவனம் உங்களை அங்கீகரித்து, ஒப்பந்தம் உங்கள் பெயருக்கு வருகிற அன்று, வங்கி வரைவாக. முன்னரே "வைப்புப் பணம்" என்று உங்களிடம் அவர் ஏதும் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஊக்கப் பணம் தரவேண்டியவர் உங்களிடம் பணம் கேட்பது ஏன்? அப்புறம், தனியாரிடம் பொறுப்பெடுக்கும்போது, கார் டீலர்களைக் கண்காணிக்கும் ஓம்விக் அமைப்பு உங்களைப் பாதுகாக்காது. அதன் இழப்பீட்டு நிதி, பதிவு பெற்ற டீலரிடம் வாங்கியவர்களுக்கு மட்டும்தான்.

கேள்வி: பொறுப்பெடுக்கும் கார் புதிதாக 180,000 டொலர். எனக்கும் சொகுசு வரி வருமா? – மிசிசாகா வாசகர்

பதில்: வராது. 2022 செப்டெம்பர் 1 இலிருந்து நடைமுறையில் இருக்கும் மத்திய அரசின் சொகுசு வரி, கார் முதன்முதலில் கைமாறும்போது ஒரு தரம் விழுவது. 100,000 டொலருக்கு மேற்பட்ட காருக்கு, முழு விலையின் 10 வீதம் அல்லது 100,000க்கு மேற்பட்ட பகுதியின் 20 வீதம், இரண்டில் எது குறைவோ அது. உங்கள் காருக்கு 18,000ஆ 16,000ஆ என்று பார்த்தால் 16,000. அதை முதல் ஆளின் லீஸ் தொகைக்குள் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள், ஆகவே அவர் கட்டிவந்த மாதக் காசில் அதுவும் இருக்கிறது, இனிக் கட்டப்போகும் உங்கள் காசிலும் ஒரு துண்டு இருக்கும். புதிதாக வேறொன்றும் இல்லை. மாதக் கொடுப்பனவுக்கு 13 வீத எச்எஸ்ரி உண்டு, அவ்வளவுதான்.

கேள்வி: மகன் (24) ஒரு பிஎம்டபிள்யூ எம்4 லீஸைப் பொறுப்பெடுக்கப் போகிறான். அவனுக்குத் தனியாகக் கிரெடிட் காணாதாம், நானும் சேர்ந்து கையெழுத்து வைக்கவேண்டுமாம். காப்புறுதியையும் என் பெயரில் போட்டால் பாதி விலை என்று சிநேகிதர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் கொரோலா ஓட்டுகிறேன். வைக்கட்டுமா? – ஸ்காபுரோ வாசகி

பதில்: அக்கா, கையெழுத்தும் காப்புறுதியும் இரண்டு வேறு விஷயம். இரண்டாவதை முதலில் சொல்கிறேன், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை: செய்யாதீர்கள். அந்தக் காரை ஒவ்வொரு நாளும் ஓட்டப்போவது மகன். பிரதான ஓட்டுநர் நீங்கள் என்று எழுதிக் கொடுப்பது பொய்த் தகவல். நம் ஆட்களுக்குள் இது ஏதோ கெட்டித்தனம் மாதிரிப் பரவியிருக்கிறது, எல்லோரும் செய்கிறார்கள் என்பார்கள். எல்லோருக்கும் விபத்து நடக்கவில்லை, அதனால் எல்லோரும் தப்பியிருக்கிறார்கள். விபத்து நடந்தால் விசாரிக்க வருபவர், 24 வயது மகன் உள்ள வீட்டில் 500 குதிரை வலுவை எட்டும் கார் யாருடையது என்று இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். பொலிசி ரத்தானால் அடுத்த காப்புறுதி, உங்கள் கொரோலாவுக்கும் சேர்த்து, எட்டாத விலைக்குப் போகும்.

கையெழுத்து? சேர்ந்து கையெழுத்து வைப்பது என்றால் அவன் கட்டாத மாதம் நீங்கள் கட்டுகிறேன் என்பதுதான், சிபாரிசுக் கடிதம் இல்லை. மிச்சக் கொடுப்பனவு எல்லாவற்றையும் கூட்டி ஒரு தாளில் எழுதுங்கள், லீஸ் முடிவுக் கட்டணத்துக்கு இன்னொரு சில ஆயிரம் சேருங்கள். அந்தத் தொகையை நாளைக்கு நீங்களே கட்டவேண்டி வந்தால் முடியுமா? முடியும், கட்டினாலும் மகனோடு கோபம் வராது என்றால் வையுங்கள். மகன் உண்மையான காப்புறுதி விலையை முதலில் கேட்டுவரட்டும். அனேகமாக அந்த இலக்கத்தைப் பார்த்ததும் எம்4 பேச்சே அடங்கிவிடும், நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டியிராது.

கேள்வி: விளம்பரம் போட்டேன். ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்து, லீஸை என் பெயரிலேயே வைத்திருக்கலாம், மாதக் கொடுப்பனவையும் கட்டி அதற்கு மேல் 700 டொலரும் தருவேன், தங்கள் நிறுவனம் சொகுசுக் கார்களை வாடகைக்கு விடுகிறது என்கிறார். ஒப்பந்தமும் எழுதித் தருவாராம். – ஏஜாக்ஸ் வாசகர்

பதில்: அந்த "ஒப்பந்தமும் எழுதித் தருவார்" என்பதுதான் இதில் மோசமான பகுதி. ஒன்ராறியோவின் வழமையான காப்புறுதிப் பொலிசியை எடுத்து, இழப்பும் சேதமும் பற்றிய பகுதியில் எதற்கெல்லாம் தரமாட்டார்கள் என்று வாசியுங்கள். லீஸ் போன்ற ஓர் எழுத்து ஒப்பந்தத்தின் கீழ் சட்டப்படி காரை வைத்திருக்கும் ஆளே அதைத் திருடினால் பணம் இல்லை என்று அதில் இருக்கிறது. நீங்கள் விருப்பத்தோடு கைமாற்றிக் கொடுத்த உரிமை, ஏமாற்றித்தான் வாங்கினார் என்றாலும், அதற்கும் இல்லை. அவர் தரும் அழகான தாளில் நீங்கள் கையெழுத்து வைப்பது, காரோடு அவர் மறைந்தால் உங்கள் காப்புறுதியிடம் கேட்கும் வழியை நீங்களே அடைப்பது.

மறைவார்களா? 2024 ஏப்ரலில் ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ், எல்லைப் பாதுகாப்புப் பிரிவோடு சேர்ந்து நடத்திய ‘ப்ராஜெக்ட் வெக்டர்’ நடவடிக்கையைப் பற்றி அறிவித்தது. மொன்றியல் துறைமுகத்தில் கப்பலேற இருந்த 598 களவுக் கார்களை மீட்டிருந்தார்கள். துறைமுகத்தை எட்டிய கொள்கலனைத் திறந்து பார்த்தால்தான் தெரியும், அதற்குள் உங்கள் கார் இருக்கிறதா என்று. உங்களிடம் வந்தவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நேர்மையான வாடகை நிறுவனத்துக்குத் தன் பெயரில் கார் எடுக்கமுடியும். உங்கள் பெயர் ஏன் தேவை, அதுவும் மாதம் 700 கொடுத்து? நேர்மையாக நடந்தாலும் லீஸ் ஒப்பந்தங்கள் காரை வாடகைக்கு விடுவதைப் பொதுவாகத் தடுக்கின்றன. அவர் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, இலக்கத்தை மறித்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் சரிவந்து, டிசம்பரில் கார் கைமாறப் போகிறது. காரில் கோடை டயர் மட்டும்தான். தைமாசத்துக்குள் எடுக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுப்பேன் என்கிறார் வைத்திருப்பவர். – ரிச்மண்ட் ஹில் வாசகர்

பதில்: கோடைச் செயல்திறன் டயர் 7 பாகைக்குக் கீழே இறுகி, பிடி விட்டுவிடும். டிசம்பரில் நீங்கள் அந்தக் காரை ஓட்டிப் பார்த்ததாகவே கணக்கில் எடுக்கமுடியாது, வீட்டுக்கு இழுத்துச் செல்லும் வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவரவேண்டும். அவரிடம் பனிக்காலச் செட் ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் சென்ற குளிர்காலத்தை எப்படிக் கழித்தார்? லீஸோடு அந்தச் செட்டையும் தரச் சொல்லிக் கேளுங்கள். அது அவர் சொந்தக் காசில் வாங்கியதாகத்தான் இருக்கும், நிறுவனத்துடையது அல்ல, ஆகவே லீஸ் மாற்றும் பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. தனித் தாளில் டயரின் அளவு, ரிம்மோடா இல்லாமலா, விலை எவ்வளவு என்று எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். காப்புறுதி முகவரிடமும் சொல்லிவிடுங்கள், பனிக்கால டயருக்கு ஒன்ராறியோவில் 2016இலிருந்து காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு கொடுத்தே ஆகவேண்டும்.